நூலில் தொங்கும் மேசை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் கைவினைப் பகுதியில், இரண்டு பலகைகள், ஒவ்வொன்றிலும் நிறுத்திய ஒரு தூண், தூணின் நுனியிலிருந்து குறுக்கே நீளும் ‘கை’ என்ற குச்சி, சில நூல்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு செய்யப்படும் ‘மிதக்கும் மேசை’யைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். கீழ்ப்பலகையை எங்கும் தொடாமல் மேல்பலகை நூல்களின் பிடிப்பிலேயே நிற்கும் அந்த மாதிரியை வீட்டில் செய்து பார்த்த பலர், குறிப்பாக நம் நீலகிரி மாவட்டத்து வாசகர்கள், கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே சந்தேகம் பல கடிதங்களில் வந்திருப்பதால், அவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கி இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக ஐஸ் குச்சிகளையும் அட்டையையும் கொண்டு இந்த மேசையைச் செய்தோம். மூன்று முறை கட்டியும் மேல்பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. நூலை எவ்வளவு இறுக்கினாலும் நிற்க மறுக்கிறது. எங்கே தவறு செய்கிறோம்?
(வாசகி, குன்னூர்)

பதில்: அம்மா, நீங்கள் எல்லா நூல்களையும் ஒரே வேலைக்கு உரியவையாக எண்ணி இறுக்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. கடிதம் எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்த இடத்தில்தான் தடுமாறியிருக்கிறார்கள். ஆகவே, செய்முறைக்கு முன்னால் அமைப்பைப் புரிந்துகொள்வோம்.

நூலால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. பக்கங்களில் உள்ள நூல்கள் மேல்பலகையைக் கீழ்நோக்கித்தான் இழுக்கின்றன. அவை அதைத் தூக்கிப் பிடிக்கவே இல்லை. தூக்கிப் பிடிப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு குட்டை நூல். கீழ்ப்பலகையிலிருந்து எழும் தூணின் கை மேலே இருக்கிறது. மேல்பலகையிலிருந்து இறங்கும் தூணின் கை அதற்கும் கீழே இருக்கிறது. மேலே உள்ள கையிலிருந்து கீழே உள்ள கை நூலில் தொங்குகிறது. அடுப்படியில் உத்தரத்திலிருந்து உறி தொங்குவதைப் போலவே மேல்பலகையும் தொங்குகிறது. பார்ப்பவரின் கண் தூணைக் கண்டதும் அது தாங்குகிறது என்று முடிவுகட்டிவிடுவதால், பலகை மிதப்பதாகத் தெரிகிறது. பக்க நூல்களின் வேலை, உறி ஆடாமலும் சாயாமலும் பிடித்து நிறுத்துவது.

எனவே, நடு நூலின் மேல் விழும் சுமை நாம் நினைப்பதைவிட அதிகம். மேல்பலகையும் அதன் மேல் வைத்த தம்ளரும் சேர்ந்து 200 கிராம் என்றும், நான்கு பக்க நூல்களும் ஒவ்வொன்றும் 50 கிராம் எடைக்குச் சமமாக இழுக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். நடு நூல் சுமப்பது 200 கிராம் அன்று, 400 கிராம். பக்க நூல்களை மேலும் மேலும் இறுக்கும்போது, நடு நூலையும் அதைப் பிடித்திருக்கும் கைகளையுமே வருத்துகிறோம். கை வளைந்தால் மேல்பலகை இறங்கும். இறங்கினால் பக்க நூல்கள் தளரும். தளர்ந்ததைக் கண்டு மறுபடி இறுக்குவோம். உங்கள் மூன்று முயற்சிகளிலும் இதுவே நடந்திருக்கும்.

அளவுகளைச் சொல்கிறேன். பலகை இரண்டும் 12 செ.மீ. சதுரம். மூலைவிட்டங்களை வரைந்து நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளிம்பின் மையத்திலிருந்து 1.5 செ.மீ. உள்ளே தள்ளி 10 செ.மீ. உயரத் தூணை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து 4.5 செ.மீ. நீளக் கையை உள்நோக்கி நீட்டினால், கையின் நுனி நடுப்புள்ளிக்கு நேர் மேலே வரும். ஒரு நூலில் சிறு ஆணியைக் கட்டி நுனியிலிருந்து தொங்கவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல, அது நடுப்புள்ளியில் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பலகை அந்தப் பக்கம் கனக்கத் தொடங்கும். இரண்டு பாகங்களும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். ஒன்றைத் தலைகீழாக்கி, தூண்கள் எதிரெதிர்ப் பக்கம் இருக்குமாறு வைத்து, கைகள் இரண்டையும் 5 செ.மீ. நூலால் இணைத்தால், பலகைகளுக்கு இடையே 15 செ.மீ. உயரம் கிடைக்கும்.

கைக்கு ஐஸ் குச்சியைப் படுக்கவைத்து ஒட்டியிருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். குச்சியின் அகலம் ஏறக்குறைய 10 மி.மீ., தடிப்பு 2 மி.மீ. அதையே விளிம்பு மேலாக நிறுத்தி ஒட்டினால், மேலிருந்து விழும் சுமைக்கு வளையாமல் நிற்கும் விறைப்பு 25 மடங்காகிறது. ஓட்டு வீட்டின் சட்டங்களைத் தச்சர்கள் குத்தாக வைப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஒட்டி, தூணும் கையும் சேரும் மூலையில் ஒரு சாய்வுக் குச்சியைத் தாங்கலாகக் கொடுங்கள். ஃபெவிக்கால் நம் ஊர்க் குளிரில் காய்வதற்கு நேரமெடுக்கும். ஓர் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுக் கட்டினால் மூட்டு நகர்ந்துவிடும்.

கட்டும்போது, இரு பக்கமும் நோட்டுப் புத்தகங்களை 15 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, அவற்றின் மேல் மேல்பலகையை வைத்து நடு நூலை முதலில் கட்டுங்கள். பிறகு இரு அடுக்கிலிருந்தும் மெல்லிய நோட்டு ஒன்றை உருவிவிட்டால் பலகை நடு நூலில் தொங்கத் தொடங்கும். அடுக்கு அதைக் கவிழாமல் மட்டும் காக்கும். அந்த நிலையிலேயே பக்க நூல்களைக் கட்டி, தளர்ச்சி நீங்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். விரலால் சுண்டினால் எல்லாப் பக்க நூல்களும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தர வேண்டும். முடிச்சை நம்பாதீர்கள். என் முதல் மேசை, விருந்தினர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றபின் விழுந்து உடைந்ததற்கு, தூண்டில் நரம்பில் நான் போட்ட முடிச்சு மெல்ல வழுக்கியதே காரணம். நூலைத் துளைக்குள் விட்டு, பல்குத்தும் குச்சியைச் சொருகி அடைத்தால், இழுத்துச் சரிசெய்யவும் முடியும். வீணைக்குப் பிரடை எப்படியோ, இந்த மேசைக்கு அந்தக் குச்சி அப்படி.

கேள்வி: பக்க நூல்கள் மூன்று போதுமா, நான்கு வேண்டுமா? நான்கு கட்டினால் எப்போதும் ஒன்று தளர்ந்தே இருக்கிறது.
(பத்தாம் வகுப்பு மாணவர், கேத்தி)

பதில்: தம்பி, நீ கவனித்தது மிகச் சரி. முக்காலி மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலி ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும். நூலுக்கும் அதே கணக்கு. இரண்டு நூல்கள் மட்டும் இருந்தால், அவற்றை இணைக்கும் கோட்டுக்குக் குறுக்காகப் பலகை கவிழும். மூன்று இருந்தால் எந்தத் திசையில் சாய்ந்தாலும் ஏதேனும் ஒரு நூல் இழுத்துத் தடுக்கும். நான்காவது நூல் மிகை என்பதால், அளவில் நூலிழை பிசகினாலும் நான்கில் ஒன்று சும்மா இருக்கும். மூன்றே கட்டு. மேல்பலகையின் தூண் இருக்கும் பக்கம் இயல்பாகவே சற்றுக் கனக்குமாதலால், எதிர்ப்பக்கத்து மூலைகளில் இரண்டு நூல்களும், தூண் பக்கத்து விளிம்பின் மையத்தில் ஒன்றும் இருக்கட்டும்.

ஒன்று செய்து பார். முடிந்த மேசையின் மேல்பலகையை மெதுவாகத் திருக முயற்சி செய். அது விறைத்துக்கொண்டு எதிர்க்கும். திருகினால் பக்க நூல்கள் சாய வேண்டும். சாய்ந்தால் பலகை இறங்கியாக வேண்டும். இறங்குவதற்கு நடு நூல் விடாது. ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இந்த நூல்களின் பிணக்கே மேசையின் உறுதி. இதை விரலால் உணர்ந்துவிட்டால் பாடநூலில் வரும் ‘இழுவிசை’ என்ற சொல் பிறகு மறக்காது.

கேள்வி: ஐப்பசி மழையில் சணல் நூலால் கட்டிய மேசை கல்போல விறைப்பாக நின்றது. தை மாதத்தில் தளர்ந்துவிட்டது. நைலான் நூலில் கட்டிய இன்னொன்றோ மழைக்காலத்தில் தளர்ந்தது. இது எப்படி?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: சணல், பருத்தி போன்ற செடி நார்கள் ஈரத்தைக் குடித்தால் தடிக்கின்றன. முறுக்கிய கயிற்றில் நார்கள் தடிக்கும்போது, முறுக்கு சுற்றிவர வேண்டிய தூரம் கூடுவதால் கயிற்றின் நீளம் குறைகிறது. பருத்திக் கயிறு கட்டிய கூடாரத்தில் மழை வந்தால் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிடுவார்கள். இல்லையென்றால் முளையையே பிடுங்கிவிடும். நைலான் அவ்வாறன்று. அதுவும் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆனால் உறிஞ்சினால் நீள்கிறது. ஈரமே இல்லாவிட்டாலும், தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் நைலான் நாளடைவில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும்.

நம் மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் மழை மிகுதி. சாளரம் திறந்திருந்தால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும். சமவெளியில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளில் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நாம் கவலைப்பட வேண்டும். பாலியெஸ்டர் நூல் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்பதால், தையல் கடையில் கிடைக்கும் தடித்த பாலியெஸ்டர் நூலையோ, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகிட்ட நூலையோ வாங்குங்கள். கட்டுவதற்கு முதல் நாள், நூலின் நுனியில் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைக் கட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டால், நீள வேண்டியதில் பெரும்பகுதி முன்கூட்டியே நீண்டுவிடும். சணலின் நிறம் பிடித்திருக்கிறது என்றால் அதையே கட்டுங்கள்; சொருகு குச்சியை மட்டும் பசை போட்டு ஒட்டாமல், பருவத்துக்கு ஒருமுறை இழுத்துக்கொள்ள வழி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பலகையும் தூணும் இல்லாமல், குச்சியும் நூலும் மட்டும் கொண்டு மாணவர்களுக்குச் செய்து காட்ட எளிய மாதிரி உண்டா? உறிஞ்சு குழாயில் செய்யும் படமொன்றைப் பார்த்தேன்.
(ஆசிரியை, கூடலூர்)

பதில்: பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய் வேண்டாம், அம்மா. 2019 சனவரி முதல் தமிழகம் முழுவதும் அதற்குத் தடை இருக்கிறது. நம் மலையில் அதற்கும் முன்பிருந்தே பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு உண்டு. மூங்கில் குச்சிகளே இந்த வேலைக்கு மேலானவை. உண்ணிச்செடியின் தண்டில் கூடலூர்ப் பக்கத்தில் நாற்காலியும் ஆளுயர யானையும் செய்கிறார்கள் என்பதால் அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். அது வளைவதற்குப் பேர்போனது; நமக்கு வேண்டியது நேராக நிற்கும் குச்சி. தைல மரத்தின் பச்சைக் குச்சியும் காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

மிக எளியது மூன்று குச்சி, ஒன்பது நூல் கொண்ட அமைப்பு. மேலே ஒரு நூல் முக்கோணம், கீழே ஒரு நூல் முக்கோணம், இரண்டையும் இணைக்கப் பக்கவாட்டில் மூன்று நூல்கள். குச்சிகள் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் சாய்ந்து குறுக்கிட்டுச் செல்லும். 20 செ.மீ. குச்சிக்கு, முக்கோண நூல்கள் ஆறும் 12 செ.மீ., பக்க நூல்கள் மூன்றும் 15.3 செ.மீ. இருக்க வேண்டும். மேல் முக்கோணம் கீழ் முக்கோணத்துக்கு நேராக அமையாமல், பக்க நூலின் இரு முனைகளுக்கும் இடையே 30 பாகை திரும்பி நிற்கும். இந்தத் திருப்பத்தில்தான் பக்க நூல் அதன் மிகக் குறுகிய நீளத்தை அடைகிறது. அதனால் 15.3 என்பதைவிடக் குறுகலாகக் கட்டவே முடியாது, அரை செ.மீ. நீளமாகக் கட்டினால் கைக்குள் குழைந்து விழும். மாணவர்களே இந்த எல்லையைக் கண்டுபிடிக்கும்படி விடுங்கள். ஒன்பது நூலையும் குறித்த அளவில் கட்டச் சொன்னால் வகுப்பு நேரம் போதாது. எட்டு நூல்களைக் கட்டிவிட்டு, ஒன்பதாவதை மட்டும் இழுத்து இறுக்கச் சொல்லுங்கள். தரையில் குவியலாகக் கிடந்த குச்சிகள், கடைசி நூல் அந்த அளவுக்கு வந்த நொடியில் எழுந்து நிற்கும். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கூவியதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

நூல் கட்டப் பழகாத சிறு பிள்ளைகளுக்கு ஆறு குச்சி, ஆறு ரப்பர் வளையம் கொண்ட பந்து ஏற்றது. ஒவ்வொரு குச்சியின் இரு முனையிலும் கீறலிட்டு, நீளவாக்கில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். இரண்டிரண்டு குச்சிகள் இணையாக, மூன்று திசைகளில் அமையும்படி வைத்து, ஒவ்வொரு குச்சியின் ரப்பர் இழைகளையும் நடுவில் விரித்து, பக்கத்துக் குச்சிகளின் முனைக் கீறலில் மாட்ட வேண்டும். ரப்பரில் விளையாடிய பிறகு நூலில் செய்ய விரும்புபவர்களுக்கு: அந்த அமைப்பில் 24 நூல்கள், 20 செ.மீ. குச்சிக்கு ஒவ்வொரு நூலும் 12.2 செ.மீ.

கேள்வி: இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் யார்? பொம்மையாக அல்லாமல் வேறு பயன் உண்டா?
(கல்லூரி மாணவர், உதகமண்டலம்)

பதில்: 1948-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பிளாக் மவுண்டன் கல்லூரியில் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் பயின்ற கென்னத் ஸ்னெல்சன் என்ற இளைஞர், ஒன்றையொன்று தொடாத இரண்டு மரத்துண்டுகள் நூலில் நிற்கும் சிறு சிற்பத்தைச் செய்தார். இதற்கு ‘டென்செக்ரிட்டி’ என்று பெயர் சூட்டியவர் ஃபுல்லர். ஸ்னெல்சன் ‘மிதக்கும் அமுக்கம்’ என்று சொல்வதையே விரும்பினார். யாருடையது என்ற மனத்தாங்கல் இருவருக்கும் இடையே கடைசிவரை தீரவில்லை. 1921-இல் மாஸ்கோவில் நடந்த கண்காட்சியொன்றில் கார்ல் இயோகன்சன் என்ற கலைஞர் குச்சியும் கயிறும் கொண்ட இதை ஒத்த அமைப்பை வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், கையால் செய்து நிறுத்திக் காட்டிய ஸ்னெல்சனுக்கே முதல் மரியாதை. 1968-இல் அவர் அமைத்த ‘ஊசிக் கோபுரம்’ அலுமினியக் குழாய்களும் எஃகு வடங்களுமாக 18 மீட்டர் உயரத்தில் வாஷிங்டன் நகரில் நிற்கிறது.

பயன் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட குரில்பா நடைபாலம், 470 மீட்டர் நீளமுள்ளது. அதன் மேற்கட்டு இந்த முறையைத் தழுவியது. ஆறு குச்சிப் பந்தைப் போன்ற ஓர் எந்திரனை நாசா ஆய்வாளர்கள் உருவாக்கி, வேற்றுக் கோள்களில் விழுந்தாலும் உடையாமல் உருண்டு செல்லுமா என்று சோதித்திருக்கிறார்கள். வீட்டுக்கு அருகே இதன் உறவினரைப் பார்க்க வேண்டுமானால் சைக்கிள் சக்கரத்தைப் பாருங்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் பாரத்தைத் தன்மேல் தாங்கி நிற்கும். சைக்கிளின் கம்பி அவ்வளவு மெல்லியது. அதை நிறுத்தி அழுத்தினால் வளைந்துவிடும். முன்கூட்டியே எல்லாக் கம்பிகளையும் இழுத்து முறுக்கி வைத்திருப்பதால் மட்டுமே அது ஓர் ஆளையும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கையும் சுமக்கிறது.

கேள்வி: மூன்று குச்சி மாதிரியை ஒரு மீட்டர் குச்சிகளில் பெரிதாகச் செய்து கண்காட்சியில் வைக்க விரும்புகிறோம். கட்டி இறுக்கியதும் குச்சிகள் வில்லாக வளைகின்றன.
(மாணவர்கள், அருவங்காடு)

பதில்: நீளத்தைக் கூட்டிய நீங்கள் தடிப்பைக் கூட்டவில்லை. இரு முனையிலும் அமுக்கப்படும் மெல்லிய குச்சி, நசுங்குவதற்கு வெகு முன்பே வளைந்துவிடும். அவ்வாறு வளையாமல் தாங்கும் சுமை, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 20 செ.மீ. குச்சியை ஒரு மீட்டராக்கினால் நீளம் ஐந்து மடங்கு. தாங்கும் வலு 25-இல் ஒரு பங்கு. அதே சுமையைத் தாங்க, 3 மி.மீ. குச்சிக்குப் பதிலாக ஏறத்தாழ 7 மி.மீ. குச்சி வேண்டும். பெரிய மாதிரியில் நூலின் இழுப்பும் கூடுமாதலால், 15 மி.மீ. தடிப்புள்ள காய்ந்த மூங்கிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோண நூல்கள் 60 செ.மீ., பக்க நூல்கள் 76.5 செ.மீ.; நின்றதும் உயரம் சுமார் 74 செ.மீ. வரும்.

மூங்கிலின் முனையில் ரம்பத்தால் கீறலிடும்போது அது நீளவாக்கில் பிளக்கும். கீறலுக்குக் கீழே ஒரு விரற்கடை அகலத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் ஃபெவிக்கால் தடவிக் காயவிட்டு, அதன் பிறகே ரம்பத்தைக் கையில் எடுங்கள். கணு ஒன்று முனையருகே வருமாறு வெட்டினால் இன்னும் நல்லது. கண்காட்சிக்குக் கொண்டுசெல்லும்போது ஒரு பக்க நூலை அவிழ்த்துவிட்டால் முழு அமைப்பும் குச்சிக்கட்டாக மடங்கிவிடும். அங்கே போய், பார்வையாளர்கள் கண் முன்னாலேயே அந்த நூலை இழுத்துக் கட்டுங்கள்.